வரிக்கு மூன்று சொல்

சல்லி, திருகோணமலை
புதன்கிழமை, காலை பத்து மணி

அன்புள்ள மகள் லக்சாயினிக்கு அம்மா எழுதுவது.

முத்துமாரி அம்மன் காவலில் நானும் அப்பாவும் தம்பியும் இங்கே இருக்கிறோம், நீயும் மருமகனும் குட்டியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன். வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் எல்லாரும் நல்ல சுகம் என்று எழுதுவேன், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன், கதவைச் சாத்திவிட்டு இருந்து ஆறுதலாக வாசி. குட்டி மடியில் இருக்கும்போது வாசிக்காதே, வாகனத்துக்குள் இருந்தும் வாசிக்காதே, பாதியில் நிறுத்திவிட்டுப் போன் எடுத்துக் கத்தவும் கூடாது. முழுவதையும் வாசித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் கத்து, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இங்கே கச்சான் காற்று பிடித்துவிட்டது, மண் வாரி அடிக்கிறது, போட்ட நெத்தலி ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது. அப்பாவுக்கு நாரிப் பிடிப்பு, இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார், எண்ணெய் பூசக் கூப்பிட்டால் கடலுக்குப் போகிற ஆளுக்கு எண்ணெய் என்னத்துக்கு என்று ஓடிவிடுகிறார். தம்பி யுகேந்திரன் டவுனில் அதே பிறிண்டிங் கடையில்தான் இருக்கிறான். இந்தக் கடிதம் உன் சிநேகிதி நஸ்ரினின் கையில் வருகிறது, குறிஞ்சாக்கேணி நஸ்ரின்தான், வெள்ளிக்கிழமை புறப்பட்டு ரொறன்ரோவில் இருக்கும் தன் நானா, அந்த மூத்த அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அவர்களுடைய வீடு உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிசம்தானாம். அவளிடம் ஒரு பெட்டியும் கொடுத்துவிடுகிறேன், அதற்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும், ஏனென்றால் உன் தம்பியின் வாயில் ஒரு இரகசியமும் ஒரு கிழமை தாங்காது. உன் பிறந்தநாளுக்குப் புத்தகம் வாசிக்கிற மிசின் வாங்கப் போகிறோம் என்று நான் அவனுக்குச் சொன்னது காலையில், பின்னேரம் அவன் உன்னிடமே எப்படிப்பட்டது வேண்டும் என்று கேட்டு முடித்துவிட்டான்.

அந்த மிசின் வாங்குகிற எண்ணம் எனக்குக் கோபத்தில் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். போன வருசம் நாங்கள் தேடித் தேடி அனுப்பின பதினான்கு புத்தகமும் உன் வீட்டுத் தட்டில் பிளாஸ்ரிக் உறை கிழிக்காமல் அப்படியே இருப்பதைச் சித்திரை வருசத்தன்று வீடியோவில் பார்த்தேன். சின்ன வயதில் படங்கில் நெத்தலி காயப் போட்டுக் காகம் கலைக்க உன்னை இருத்தினால் ஒரு கையில் கம்பும் மற்றக் கையில் புத்தகமுமாக இருப்பாய், கொஞ்ச நேரத்தில் கம்பு மண்ணில் கிடக்கும், காகங்கள் உன் காலடியிலேயே பந்தி வைக்கும். அதனால்தானே அந்தச் சட்டம் போட்டேன், கருவாடு பெட்டிக்குள் போய்ப் படங்கு மடித்த பிறகுதான் புத்தகம் உன் கைக்கு வரும் என்று. நீ எத்தனை அழுகை அழுதும் ஒரு நாளும் நான் அதைத் தளர்த்தவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை உறை கிழிக்காமல் வைத்திருக்கிறதே, வெளிநாட்டுக்குப் போய்ப் பவுசு வந்துவிட்டது என்று உன்னை மனத்துக்குள் திட்டினேன். தம்பிதான், அக்காவுக்கு வீட்டில இடமில்லை அம்மா, புத்தகம் பாரம், ஈ-ரீடர் எண்டா கைப்பைக்குள்ள வைக்கலாம் என்று உனக்காகக் கதைத்தான். அங்கே கடைக்குக் கடை விற்குமே, இங்கேயிருந்து ஏன் அனுப்ப வேண்டும் என்று அப்பா கேட்டார். வெறும் மிசினை வாங்குவது வேறு, தமிழ்ப் புத்தகங்களை நிரப்பி எழுத்து ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக் கொடுப்பது வேறு என்று தம்பி சொல்ல, போன புதன்கிழமை மூன்று பேருமாக டவுனுக்குப் போனோம்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கும் கலீலுர் றஹ்மான் எங்களுக்காகக் கொழும்பிலிருந்து இரண்டு எடுப்பித்து வைத்திருந்தார். ஒன்று சின்னது, பாரமே இல்லை, ஆனால் உள்வெளிச்சம் கிடையாது. மற்றது கொஞ்சம் பெரியது, வெளிச்சத்தை மஞ்சளாக்கவும் குறைக்கவும் ஏலும். இது போன் மாதிரி இல்லம்மா, கண்ணைக் குத்தாது, வெயிலுக்குள்ளயும் வாசிக்கலாம், ஒருக்கா சார்ஜ் போட்டா கிழமைக்கணக்கா நிக்கும் என்று விளங்கப்படுத்தினார். உன் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உப்புக்காத்துக்குத் துருப்பிடிக்காதோ என்று கேட்டார். ரொறன்ரோவில உப்புக்காத்து எங்க அப்பா என்று தம்பி சிரித்தான், நானும் சிரித்தேன், அன்று நான் சிரித்தது அதோடு சரி. சின்ன மிசினில் தமிழ் எழுத்து உடைந்து கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக வந்தது, அதைத் தள்ளி வைத்தோம். பெரியதில் ஒரு கதையைத் திறந்து, அம்மா நீங்க ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ என்று தம்பி என் கையில் தந்தான். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரிச் சத்தமாக வாசித்தேன். நாலைந்து வரி போனதும் தம்பியின் முகம் மாறியது. அம்மா, நீங்க ஒவ்வொரு வரியிலயும் முதல் சொல்லை விட்டிட்டு வாசிக்கிறியள் என்றான். இல்லை என்றேன். திரும்ப வாசிக்கச் சொன்னான், திரும்பவும் விட்டேனாம். விட்ட இடத்தை நானாக ஏதோ ஒரு சொல் போட்டு நிரப்பி வாசித்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். அவன் மிசினை வாங்கி இரண்டு பக்கமும் வெள்ளையை அகலமாக்கி, எழுத்தை நடுவில் ஒடுக்கி, வரிக்கு மூன்று சொல் வரும்படி செய்து தந்தான். ஒரு சொல் பிசகாமல் வாசித்தேன். அப்போதுதான் அவன் மெதுவாகச் சொன்னான், அக்காவும் இப்பிடித்தான் கேட்டவா அம்மா, வரிக்கு மூண்டு நாலு சொல்லுக்கு மேல வரக்கூடாது, அப்பிடி வைக்கக்கூடிய மிசின் பாத்து எடு, ஒரு வரி முடிஞ்சு மற்ற வரிக்குப் போகேக்க எனக்கு வழி தவறிப் போகுது எண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவா என்று. கலீலுர் றஹ்மான் கதிரை இழுத்துப் போட்டு என்னை இருத்தினார். பிளாஸ்ரிக் கிழிக்காத அந்தப் பதினான்கு புத்தகமும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, போன மாதம் நீ சொன்ன சைக்கிள்காரன் கதையும் வந்தது. எங்க இருந்து வந்தான் எண்டே தெரியேல்ல அம்மா, திடீரெண்டு வாகனத்துக்கு முன்னால நிக்கிறான், நல்ல காலம் பிறேக் பிடிச்சிட்டன் என்றாயே. அவன் எங்கே இருந்து வந்தான் என்று எனக்குத் தெரியும் பிள்ளை. நீ பார்க்காத பக்கத்திலிருந்து வந்தான். அந்தப் பக்கம் எனக்கும் இல்லை.

இனி எழுதப் போவதுதான் நான் எட்டு வருசமாக எழுதாதது. உன் கலியாணப் பேச்சு நடந்த மாசம் எனக்கு அடிக்கடி தலையிடி வந்தது, பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குத் தனியப் போனேன். உங்கட கண்ணுக்குள்ள பிறஷர் கூட, அது பின்னால இருக்கிற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுது, போன பார்வை வராது, மருந்து விட்டா இருக்கிறதைக் காப்பாத்தலாம் என்று டொக்டர் சொன்னார். நோகாது, சிவக்காது, கரையிலிருந்து உள்ளே வரும், ஆளுக்கே தெரியாது என்றும் சொன்னார். இது குடும்பத்துக்குள்ள வாற வருத்தம், பிள்ளையள் ரெண்டு பேரையும் கட்டாயம் கூட்டி வந்து காட்டுங்கோ என்று துண்டில் எழுதியும் தந்தார். அந்தத் துண்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன், நிலாவெளியிலிருந்து உன் மாமியாக்கள் பெண் பார்க்க வருகிறோம் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். வந்து இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது உன் மாமி கேட்டா, உங்கட பக்கத்தில சீனி, பிறஷர், பரம்பரை வருத்தம் ஏதும் இருக்கோ என்று. நான் ஒண்டுமில்லை என்றேன். அவ்வளவுதான், ஒரு சொல். கலியாணம் முடியட்டும் பிறகு உன்னைக் கூட்டிப் போகலாம் என்று நினைத்தேன், கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் நீ விமானம் ஏறிவிட்டாய், பிறகு குட்டி பிறக்கட்டும் என்று நினைத்தேன், பிறகு நினைப்பதையே விட்டுவிட்டேன். மருந்துப் போத்தலைக் குசினி அலுமாரியில் மிளகாய்த்தூளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன், கண் கலங்கி நின்றாலும் அங்கே யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வருசா வருசம் கோயிலில் நான் போட்ட வெள்ளிக் கண்மடல் கடல் வெயிலில் நிற்கிற அப்பாவின் கண்ணுக்கு என்று உங்களுக்குச் சொன்னது பொய், அது என் கண்ணுக்கு. உன் கலியாணம் குழம்பக்கூடாது என்று உன் கண்ணைப் பணயம் வைத்திருக்கிறேன். என்னை மன்னி என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

கடையிலிருந்து வந்தவுடன் உனக்குப் போன் எடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? சொல்ல வாயெடுத்தேன், ஸ்பீக்கரில் மருமகனின் குரல் கேட்டது, கதையை மாற்றிவிட்டேன். எனக்குக் கனவு சரியில்லை, கொஞ்ச நாளைக்கு வாகனம் ஓடாதே என்று மட்டும் சொன்னேன், நீ கனவுக்கெல்லாம் லீவு எடுக்க ஏலாது அம்மா என்று சிரித்தாய். அது கனவு இல்லை. அந்தக் கோழைத்தனத்துக்கும் சேர்த்து என்னைத் திட்டிக்கொள்.

அன்றிரவே தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு நாள் அவன் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, நான் சமைத்த சோற்றையும் தானே போய் எடுத்துப் போட்டுத்தான் தின்றான். திங்கட்கிழமை அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அவனுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருசத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள், அம்மன் அந்த மட்டுக்கும் கண் திறந்தா. வரும் வழியில் பஸ்ஸில் என் இடப்பக்கத்தில் வந்து இருந்தான், பஸ் ஆடும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டான். உனக்கும் அப்படி ஒன்றுமில்லாமல் இருக்கலாம், வெறும் கண்ணாடி மாற்றுகிற விசயமாக இருக்கலாம், அப்படியானால் உன் அம்மா ஒரு பயந்தாங்கொள்ளி என்று ரொறன்ரோ முழுக்கச் சொல்லிச் சிரி, நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் அதை டொக்டர் சொல்ல வேண்டும், நீ சொல்லக்கூடாது. அங்கே போனதும் முதலிலேயே அம்மாவுக்கு இந்த வருத்தம் இருக்கிறது என்று சொல்லு. கிண்ணம் மாதிரி ஒரு பெட்டிக்குள் தலையை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைத் தந்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் அமத்தச் சொல்வார்கள். நான் முதல் தரம் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் தெரியாமல் சும்மா இருக்க வெட்கமாக இருந்தது, பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாதவள் மாதிரி, அதனால் தெரியாத புள்ளிக்கும் சேர்த்து அமத்திக்கொண்டே இருந்தேன். நேர்ஸ் பிள்ளை கடுதாசியை எடுத்துப் பார்த்துவிட்டு, அம்மா இது சோதினை இல்ல, பாஸ் பண்ணத் தேவையில்ல, தெரியாட்டி விடுங்கோ என்று பேசினா. நீயும் என் பிள்ளைதானே, அப்படித்தான் செய்வாய் என்று பயமாக இருக்கிறது. தெரியாவிட்டால் அமத்தாதே.

அப்பாவிடம் சொல்வதுதான் பெரிய பாடு என்று நினைத்தேன். கடையில் அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார், வீட்டுக்கு வந்தும் ஒன்றும் கேட்கவில்லை, வலையை எடுத்து வைத்துக்கொண்டு பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் இருந்து டொக்டரின் துண்டிலிருந்து மிளகாய்த்தூள் போத்தல் வரைக்கும் சொல்லி முடித்தேன். உமக்கு இடப்பக்கம் பிடிபடுறேல்ல எண்டு எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும், நீராச் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் என்றார். தண்ணீர்க்குடத்தை இடப்பக்கத்திலிருந்து மாற்றி வைத்தது அவர். சைக்கிளை வாசலில் சாத்தாமல் வேலியோடு விட்டது அவர். றோட்டில் போகும்போது எப்போதும் என் இடக்கைப் பக்கமாக வந்ததும் அதனால்தான். நான் இவ்வளவு காலமும் அவருக்கு வயது போகப் போக அன்பு கூடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் அழுகை வந்துவிட்டது. தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று சத்தம் போட்டேன். கேட்டா நீர் இல்லையெண்டு சொல்லியிருப்பீர், பிறகு எங்க ரெண்டு பேருக்கும் அந்தப் பொய்யைக் காப்பாத்திற வேலை என்றார். உண்மைதான். நீ ஒளிக்கிறாயோ ஒளிக்கவில்லையோ எனக்குத் தெரியாது, ஒளிக்கிறாய் என்றால் அதுவும் என்னிடமிருந்துதான் வந்தது. ஆனால் ஒரே வீட்டில் இருக்கிற மனிசனுக்கு உன்னைத் தெரியாமல் இருக்காது. மருமகனும் இப்போதே எதையாவது உன் வழியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறாரோ என்னவோ, கவனித்துப் பார்.

நேற்று நான் நிலாவெளிக்குப் போனேன். ஓம், உன் மாமியிடம்தான். எட்டு வருசத்துக்கு முன்னால் நான் இருந்து பொய் சொன்னது எங்கள் வீட்டுக் கதிரையில், நேற்று அவவுடைய வீட்டுக் கதிரையில் இருந்து உண்மையைச் சொன்னேன். அவ எழும்பி உள்ளே போய்விட்டா. நான் தனிய இருந்தேன், தேத்தண்ணி வரவில்லை, வராது என்றும் தெரியும், ஆனாலும் எழும்பி வர மனம் வரவில்லை. கொஞ்ச நேரத்தால் கையில் போனோடு வந்தா. இந்தாங்கோ, என்ர மகனுக்கு நீங்களே சொல்லுங்கோ என்றா. என் பிள்ளைக்கு முதலில் நான் எழுத வேண்டும், அவள் வாயால் அவர் கேட்க வேண்டும், அதற்கு ஒரு தவணை தாருங்கோ என்று கெஞ்சினேன். பத்து நாள் தாறன், அதுக்குள்ள உங்கட மகள் சொல்லாட்டி நான் சொல்லுவன், எட்டு வருசம் எங்களை ஏமாத்திப் பேயராக்கிப் போட்டியள் என்றா. படலை வரைக்கும் வந்தவ, நான் வெளியே இறங்கின பிறகு, பேத்திக்கும் காட்ட வேணுமல்லோ என்று கேட்டா, அப்போது குரல் உடைந்திருந்தது. அவ கெட்டவ இல்லை. நஸ்ரின் வந்து சேர ஞாயிற்றுக்கிழமை ஆகும், பத்து நாள் முடிகிறது அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. ஆகவே உனக்கு இருப்பது ஐந்து நாள். இந்த விசயத்தில் நான் உனக்கு வேறு வழி வைக்கவில்லை, வைத்தால் நீயும் என்னைப் போலக் குட்டி பள்ளிக்கூடம் போகட்டும், பிறகு பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே போவாய். முதலில் வாகனத் திறப்பை மருமகனின் கையில் கொடு, பிறகு கதையைச் சொல்லு. கோபித்தால் என்னைக் கோபிக்கச் சொல்லு, ஏமாற்றினது நான், நீ இல்லை.

உன் பெயருக்கு ஒரு கண்மடல் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் அம்மனுக்கு வைக்கவில்லை, டொக்டர் என்ன சொன்னார் என்று நீ சொன்ன பிறகுதான் வைப்பேன். அம்மனோடயும் பேரமோ என்று அப்பா பேசுகிறார், பேசட்டும். நானும் இப்போது மருந்தை மேசையில் எல்லாரும் பார்க்க வைத்து விடுகிறேன், நேரம் தவறினால் தம்பி கடையிலிருந்து போன் எடுத்துக் கேட்கிறான். இந்தக் கடிதத்தை அடிமட்டம் வைத்து எழுதுகிறேன், வரி கோணினால் பொறுத்துக்கொள். மிசினுக்குள் தம்பி இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகம் போட்டிருக்கிறான், எல்லாவற்றையும் திறந்து எழுத்து உடைகிறதா என்று பார்த்தான், வரிக்கு மூன்று சொல்லாக வைத்தும் விட்டிருக்கிறான். ஆனால் இந்தக் கடிதத்தைத் தரும்போது நஸ்ரின் அந்தப் பெட்டியைத் தர மாட்டாள், அவளிடம் கேட்டுச் சண்டை பிடிக்காதே, பாவம் அவள், அன்ரி இது என்ன சட்டம் என்று என்னிடமே கேட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொண்டாள். கண் டொக்டரிடம் போய் வந்த துண்டை நீ அவளுடைய கையில் வைத்தால்தான் பெட்டி உன் கைக்கு வரும். நீ எவ்வளவு அழுதாலும் இந்தச் சட்டமும் தளராது.

அம்மன் உன் இரண்டு பக்கமும் நிற்கட்டும். தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குச் சாப்பிடு, குட்டிக்கு இந்த அம்மம்மாவின் முத்தம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு நிற்கும்
அம்மா
தங்கேஸ்வரி

அப்பாவையும் ஒரு வரி எழுதச் சொன்னேன். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தார், எழுதினது இவ்வளவுதான்:

போய்க் காட்டு, பிள்ளை.